புராஸ்டேட் வீக்கம் புற்றுநோயாக மாறுமா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

இரவில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுவதை, "வயசானா அப்படித்தான்" என்று பல ஆண்கள் விட்டுவிடுகிறார்கள். சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் வீக்கம் என்று டாக்டர் சொன்னதும் அடுத்த பயம் வந்துவிடுகிறது: இது புற்றுநோயாகிவிடுமோ?

ஆகாது. சாதாரண வீக்கம் சிறுநீர்க் குழாயைச் சுற்றியுள்ள உள்பகுதியில் வளர்கிறது. புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பகுதியில் தொடங்குகிறது. அதனால் ஆரம்பத்தில் எந்தத் தொந்தரவும் தெரிவதில்லை. ஒன்று இன்னொன்றாக மாறுவதில்லை. ஆனால் இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம்.

புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை ரத்தத்தில் அளக்கும் பி.எஸ்.ஏ. பரிசோதனையில்தான் குழப்பமே. வீக்கம், தொற்று எதனாலும் அந்த அளவு கூடும். கூடியிருந்தாலே புற்றுநோய் என்று நடுங்க வேண்டாம். இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. வீக்கத்துக்கு ஃபினாஸ்டரைடு, டுடாஸ்டரைடு போன்ற மருந்துகளை ஆறு மாதம், ஒரு வருடம் சாப்பிட்டவர்களுக்கு பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். ரிப்போர்ட்டில் 3 என்றிருந்தால் 6 என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மருந்துச் சீட்டைக் காட்டாமல் ரிப்போர்ட்டை மட்டும் புது டாக்டரிடம் நீட்டினால் அவருக்கு எப்படித் தெரியும்?

சிறுநீர்ப் பாதை வழியாக ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் "அதைத்தான் எடுத்தாச்சே" என்று இருந்துவிடுகிறார்கள். உள்பகுதியை மட்டுமே சுரண்டி எடுக்கிறார்கள்; வெளிப்பகுதி அப்படியே இருக்கிறது. மருத்துவமனைகள் டிஸ்சார்ஜ் சீட்டில் இதைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
திருநெல்வேலி