அந்த நீலச் சட்டையைப் பற்றி

அன்புள்ள ராட்சசி,

ஐந்து மாதம் ஆகிவிட்டது. நீ அனுப்பிய மூன்று செய்திகளுக்கும் பதில் போடவில்லை. பிறந்தநாளுக்கு நீ அழைத்தபோதும் எடுக்கவில்லை. வேலை, உடம்பு என்று எதையாவது சொல்லலாம், உன்னிடம் செல்லாது. காரணம் வேறு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா நன்றாக இருக்கிறாள், முழங்கால் வலிதான் விடவில்லை. சின்னவன் ஒருவழியாக நீச்சல் கற்றுக்கொண்டுவிட்டான். போன வாரம் குடைக்காரம்மாவைப் பார்த்தேன். "ரெண்டு பேரும் இன்னும் சேர்ந்துதான் சுத்துறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உன் மகள் தேர்வு எப்படி எழுதினாள்? நீ கணக்குச் சொல்லிக்கொடுக்காமல் இருந்திருந்தால் நன்றாகவே எழுதியிருப்பாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை ராத்திரி ஒரு பழைய ரத்தக்காட்டேரிப் படம் பார்த்தேன். அமெரிக்கப் படம், 1973இல் வந்தது. பெயர் 'லெமோரா'. ரிச்சர்ட் பிளாக்பர்ன் என்பவர் எடுத்தது. நீ சிரிப்பது தெரிகிறது. போர்வைக்குள் ஒளிந்துகொண்டு பேய்ப்படம் பார்த்தவள் நீதான், நான் இல்லை. இந்தப் படம் என்னைப் பயமுறுத்தவில்லை. படம் முடிந்தபிறகு விடியும்வரை தூங்காமல் கிடந்தேன், அது வேறு காரணத்தால்.

கதையைச் சொல்கிறேன், நீ எப்படியும் பார்க்கமாட்டாய். மதுவிலக்கு இருந்த காலம், அமெரிக்காவின் தென்பகுதி. லைலா லீ என்று பதின்மூன்று வயதுப் பெண். அவளுடைய அப்பா ஒரு ரவுடி. மனைவியையும் அவளோடு இருந்தவனையும் சுட்டுக் கொன்றுவிட்டு ஓடிப்போகிறான். பெண்ணை ஒரு பாதிரியார் எடுத்து வளர்க்கிறார். தேவாலயத்தில் பாடுகிறாள், ஊரே அவளைத் தேவதை என்கிறது. ஒருநாள் அவளுக்கு ஒரு கடிதம் வருகிறது. உன் அப்பா சாகக் கிடக்கிறார், உன்னைப் பார்க்க ஏங்குகிறார், வந்து பார் என்று. எழுதியவள் பெயர் லெமோரா. அவள் யார், எதற்காக அழைக்கிறாள் என்றெல்லாம் லைலா யோசிக்கவே இல்லை. பாதிரியாருக்குத் தெரியாமல் ராத்திரியில் கிளம்பிவிடுகிறாள்.

இந்த இடத்தில்தான் படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்சநேரம் எழுந்து நடந்தேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அப்புறம் அவள் ஒரு பேருந்தில் போகிறாள். அதில் அவளையும் ஓட்டுநரையும் தவிர யாரும் இல்லை. அஸ்டரோத் என்ற ஊருக்குப் போகிறது. அது ஒரு பிசாசின் பெயர், சின்னப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? காட்டுக்குள் மனிதர்களாக இருந்து மிருகமாகிப்போனவர்கள் பாய்ந்து வருகிறார்கள். எப்படியோ தப்பி லெமோராவின் வீட்டுக்குள் போய்ச் சேர்கிறாள். லெமோராவாக நடித்தவர் லெஸ்லி கில்ப். வெளுத்த முகம், கறுப்பு உடை, அசையாத கண். கத்துவதில்லை. அன்பாகப் பேசுகிறாள், தலையைத் தடவுகிறாள், குளிப்பாட்டி விடுகிறாள். அப்பாவைக் காட்டச் சொன்னால் மட்டும் தள்ளிக்கொண்டே போகிறாள். அந்த வீட்டில் வேறு சில குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்களை எப்படிக் கூட்டிவந்தாள் என்று படம் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கடிதம் போயிருக்கும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். காட்டு மிருகங்களின் ஒப்பனை மட்டம், பணம் இல்லாமல் எடுத்தது பளிச்சென்று தெரிகிறது. நடுவில் அந்தப் பெண் ஓடிக்கொண்டே இருக்கிறாள், அதில் பாதியை வெட்டியிருக்கலாம். ஆனால் ராத்திரியை ஒரு அடர்ந்த நீலத்தில் எடுத்திருக்கிறார்கள் பார், அதற்காகவே மறுபடி பார்ப்பேன். கெட்ட கனவின் நிறம் அது. லைலாவாக வந்த செரில் ஸ்மித்துக்கு அப்போது பதினேழு, பதினெட்டு வயதுதான் இருக்கும். பயத்தைவிட நம்பிக்கையை முகத்தில் காட்டுவது கடினம் இல்லையா? அந்தப் பெண் கடைசிவரை அதைக் காட்டுகிறாள். பாவம், 2002இல் நாற்பத்தேழு வயதிலேயே போய்விட்டார். பாதிரியாராக வருபவர் இயக்குநரேதான். நல்லவர் மாதிரி வருகிற அவருடைய பார்வையும் முழுக்க நல்ல பார்வை இல்லை. அந்தப் பெண்ணுக்குப் போக்கிடமே கிடையாது.

முடிவில் அப்பா வருகிறார். காட்டேரி நோய் சிலரை லெமோரா மாதிரி ஆக்கும், சிலரை மிருகமாக்கிவிடும். இவர் மிருகமாகிவிட்டார். மகளையே பிய்க்க வருகிறார். அவள் கையாலேயே அவரைக் கொல்லவேண்டி வருகிறது. அழுதுகொண்டு நிற்கிறவளை லெமோரா வந்து அணைத்துக்கொள்கிறாள். அதன்பிறகு அவளும் அவர்களில் ஒருத்தி. கடைசியில் மறுபடி தேவாலயத்தில் பாடுகிறாள், அதே குரல், அதே வெள்ளை உடை.

காட்டேரிக் கதைகளில் அப்பா என்பது இன்று நேற்று வந்த விஷயம் இல்லை. பெரிய தாடிக்கார டால்ஸ்டாய்க்கு உறவினர் ஒருவர் இருந்தார், அலெக்ஸி டால்ஸ்டாய். 1839 வாக்கில் பிரெஞ்சு மொழியில் ஒரு கதை எழுதியிருக்கிறார். செர்பியாவில் ஒரு கிராமம், கோர்ச்சா என்று ஒரு கிழவர். ஒரு கொள்ளைக்காரனைத் தேடிப் போகும்போது மகன்களிடம் சொல்கிறார்: பத்து நாள் காத்திருங்கள், அதற்குப்பின் நான் வந்தால் கதவைத் திறக்காதீர்கள், நான் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள், மரக்கழியைச் செதுக்கி என் நெஞ்சில் இறக்குங்கள். சரியாகக் கெடு முடிகிற நேரத்தில் வந்து நிற்கிறார். பத்து நாள் முடிந்ததா, இல்லையா? மகன்களுக்குள் சண்டை. அப்பாவை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு யாரால் கணக்குப் பார்க்க முடியும்? உள்ளே விட்டுவிடுகிறார்கள். 1963இல் மரியோ பாவா இதைப் படமாக எடுத்தார், போரிஸ் கார்லாஃப் கிழவராக வருவார். அதில் செத்துப்போன பேரன் ராத்திரியில் வெளியே நின்று குளிருதம்மா என்று கூப்பிடுவான். தடுக்கிற புருஷனைக் குத்திப்போட்டுவிட்டு அம்மா போய்க் கதவைத் திறப்பாள். நாம் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்ததுதான். நீ அன்றைக்குச் சாப்பிடாமல் வீட்டுக்குப் போய்விட்டாய். எனக்கு அப்போது புரியவில்லை.

யாரும் அழைக்காமல் காட்டேரி உள்ளே வர முடியாது என்று ஒரு விதி உண்டே, டிராகுலா நாவலிலும் அது இருக்கிறது. வீட்டில் உள்ளவர் ஒருதரம் வா என்று சொல்லிவிட்டால் போதும், அதற்கப்புறம் இஷ்டம்போல் வந்துபோகும். சின்ன வயதில் இதை ஒரு விளையாட்டு விதி மாதிரிதான் நினைத்தேன். யாரோ ஒருவர் திரும்பி வரவேண்டும் என்று காத்திருக்கிற வீட்டில் அந்த விதி என்ன ஆகும் என்று யோசித்ததே இல்லை. அந்த வீட்டில் எல்லோரும் எந்நேரமும் வா வா என்றுதானே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பின்கதவை நினைத்துக்கொண்டேன். உன் அம்மா கடைசிவரை அதற்கு ராத்திரியில் தாழ் போடவில்லை. திருடன் வந்தால் என்ன செய்வீர்கள் என்று நான் ஒருதரம் கேட்டதற்கு, "அவர் சாவி எடுத்துக்கிட்டுப் போகலையே" என்றார்கள்.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன், நீயும் ஒரே மூச்சில் படித்துவிடு.

பத்தாம் வகுப்பில் உன் அப்பா காணாமல் போய் மூன்று மாதம் இருக்கும். நீ சாப்பிடுவதை விட்டுவிட்டாய், பேசுவதையும் விட்டுவிட்டாய். ஒருநாள் சாயங்காலம் மைதானத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து, "அவர் செத்துட்டார்னு நெனைக்கிறேன்" என்றாய். அழாமல் சொன்னாய். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அதனால் சொன்னேன்: "இல்லடி, நான் அவரைப் பார்த்தேன். முந்தாநேத்து பேருந்துல. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், நீலச் சட்டை போட்டிருந்தார்."

நான் பார்க்கவில்லை.

எந்தப் பேருந்திலும், எந்த ஜன்னலிலும் பார்க்கவில்லை. உங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த படத்தில் அவர் நீலச் சட்டை போட்டிருந்தார், அதைச் சொன்னேன். நீ துள்ளி எழுந்து, "ஆமா, அந்தச் சட்டையைத்தான் எடுத்துக்கிட்டுப் போனார்!" என்றாய். அதற்கப்புறம் எப்படி மாற்றிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரி நீ சாப்பிட்டாய் என்று உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை நீ யாரிடமும் சொல்லாமல் அந்தப் பேருந்தில் ஏறி, கடைசி நிறுத்தம்வரை தனியாகப் போய், ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தாய். பதினைந்து வயது. வழியில் உனக்கு ஏதாவது ஆகியிருந்தால்? அந்தக் காலிப் பேருந்தில் லைலா உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு நீதான் தெரிந்தாய். அந்தக் கடிதத்தை எழுதியவள் நான்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது உனக்குத் தெரியும். ஆனால் உன் அப்பாவின் பெயரைச் சொன்னால் நீ எங்கே வேண்டுமானாலும் போவாய் என்பது அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோனது. தெரிந்தும் பேசாமல் இருந்தேன். நீ சாப்பிட்டாயே, பள்ளிக்கு வந்தாயே, அது போதும் என்று இருந்துவிட்டேன். அப்புறம் வருஷம் ஆக ஆக, சொல்வதால் யாருக்கு லாபம் என்று நினைத்துக்கொண்டேன். உன் அம்மா இருந்தவரை பின்கதவு திறந்தே கிடந்தது. அதில் என் பொய்க்கு எவ்வளவு பங்கு என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. அவர்களிடம் கேட்கவும் முடியாது.

ஐந்து மாதத்துக்கு முன் பேசினோமே, அப்போது நீ சொன்னாய். இந்த வருஷம் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு அந்தக் கடைசி நிறுத்தத்து ஊருக்குப் போய்த் தங்கி, பழைய விடுதிகளிலும் மருத்துவமனையிலும் விசாரிக்கப்போவதாக. "அவரைக் கடைசியா உயிரோட பார்த்தது நீதானே, அந்தத் திசையை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு?" என்றாய். அதற்கப்புறம் உன் பெயர் கைபேசியில் வந்தாலே எனக்குக் கை நடுங்கிவிடும். மௌனத்துக்குக் காரணம் இதுதான்.

அந்தப் படத்து மிருகத்தோடு உன் அப்பாவை நான் ஒப்பிடவில்லை. தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதே. அவர் எங்களுக்கெல்லாம் காகிதத்தில் கொக்கு செய்து கொடுத்தவர். எங்கே போனார், ஏன் போனார் என்று உன்னைப்போலவே எனக்கும் தெரியாது. அந்தத் திசையில் போனார் என்பதற்கு மட்டும் ஆதாரமே இல்லை. இருந்த ஒரே ஆதாரம் நான் சொன்ன பொய். நீ தேடுவதை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, சொல்லவும் மாட்டேன். தேடுவதானால் ஆரம்பத்திலிருந்து, உண்மையாக யாராவது பார்த்த இடத்திலிருந்து தேடலாம். அவர் வேலை பார்த்த இடத்தில் கடைசியாக அவரோடு பேசியவர் யார் என்றுகூட நாம் இதுவரை சரியாகக் கேட்டதில்லை, இல்லையா? காவல் நிலையத்தில் உன் அம்மா கொடுத்த புகாரின் நகல் உன் தம்பியிடம் இருக்கும். அதில் எந்தத் தேதி, எந்த அடையாளம் எழுதியிருக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும். நீலச் சட்டை அதில் இருந்தால், அது நீங்கள் சொன்னதா, நான் சொன்னதைக் கேட்டு எழுதியதா என்றும் பார்.

பயணச்சீட்டு இன்னும் எடுக்கவில்லை என்றால் எடுக்காதே. எடுத்திருந்து, இதையெல்லாம் படித்தபிறகும் போகத்தான் வேண்டும் என்று தோன்றினால், எனக்கும் ஒன்று எடுத்து வை. இந்தத் தடவை அந்தப் பேருந்தில் உன்னைத் தனியாக விடமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில்தான் இருப்பேன். அழைத்தால் முதல் மணியிலேயே எடுப்பேன். திட்டவேண்டும் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. பேசப் பிடிக்கவில்லை என்றால் ஒரு வரி மட்டும் அனுப்பு, கடிதம் கிடைத்தது என்று.

உன்,
பிசாசு