நிறத்தைப் பார்த்து கிரீஸ் வாங்காதீர்கள்

ஆசிரியருக்கு,

லாரிக்கு கிரீஸ் வாங்கும்போது பலர் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். சிவப்பும் நீலமும் தயாரிப்பாளர் சேர்க்கும் சாயம்; தரத்துக்கு அடையாளம் அல்ல. டப்பாவில் என்.எல்.ஜி.ஐ. 2 (கெட்டித்தன்மை எண்), லித்தியம் காம்ப்ளக்ஸ் (கிரீஸைக் கெட்டியாக்கும் பொருளின் வகை), இ.பி. (அதிக அழுத்தம் தாங்குவது) என்று இருக்கிறதா என்று பாருங்கள். டை ராடு எண்ட் (ஸ்டீயரிங் கம்பியின் முனை மூட்டு), கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி), யுனிவர்சல் ஜாயின்ட் (சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் ஷாஃப்டின் மூட்டு) மூன்றுக்கும் பெரும்பாலும் இதுவே போதும். வண்டிக் கையேடு வேறு சொன்னால் அதன்படியே செய்யுங்கள்.

பாலியூரியா என்ற வேறு வகை கிரீஸ் இருந்த இடத்தில் லித்தியம் கிரீஸை ஏற்றுவது ஆபத்து. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கலவை இளகி, எண்ணெய் பிரிந்து வடிந்துவிடும். யுனிவர்சல் ஜாயின்டின் மூடிகளுக்குள் உள்ள நீடில் பேரிங் (ஊசி போன்ற உருளைகள் கொண்ட பேரிங்) காய்ந்து உடையும்.

கிரீஸ் அடிக்கும் முன், அது உள்ளே போகும் வாயான நிப்பிளைத் துடையுங்கள், இல்லையேல் மண்ணும் சேர்ந்து உள்ளே போகும். யுனிவர்சல் ஜாயின்டின் நான்கு மூடிகளிலும் புது கிரீஸ் எட்டிப்பார்க்க வேண்டும். மூன்றில் வந்தால் போதும் என்று விடுவதால்தான் நான்காவது தேய்கிறது. வராத பக்கம் ஷாஃப்டை அசைத்துக்கொண்டே அடியுங்கள். ஷாஃப்ட் நீளவும் குறுகவும் விடும் ஸ்லிப் யோக்கில் காற்றுத் துளை வழியே கிரீஸ் வந்ததும் நிறுத்தாமல், துளையை விரலால் அடைத்து, சீல் ஓரம் வரும்வரை அடிக்க வேண்டும். அதற்குள் உள்ள ஸ்பிளைன் (நீளவாக்கில் உள்ள பல்வரிசை) முழுக்க கிரீஸ் பரவ அதுதான் வழி.

இப்படிக்கு,
கனரக வாகனப் பராமரிப்புத் தொழிலாளர்கள்