ஜெர்மன் மொழி விசாவுக்கு மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனிக்கு மென்பொருள் வேலைக்குப் புறப்படும் நம்மவர்களிடம், அலுவலகத்தில் ஆங்கிலமே புழங்குவதால் ஜெர்மன் கற்பது செவிலியர்களுக்குத்தான் அவசியம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஷ்டுட்கார்ட்டில் குடியேறி, முப்பது வயதுக்கு மேல் அம்மொழியைப் படித்தவன் என்ற முறையில் இதை மறுக்க விரும்புகிறேன்.

உயர்திறன் வெளிநாட்டு ஊழியருக்கான புளூ கார்டு என்ற வசிப்பு அனுமதி வைத்திருப்போர், ஜெர்மன் மொழியில் ஏ1 எனும் தொடக்கநிலைத் தேர்ச்சியுடன் 27 மாதங்களிலும், பி1 எனும் இடைநிலைத் தேர்ச்சியுடன் 21 மாதங்களிலும் நிரந்தர வசிப்புரிமை கோரலாம் என்பதால், பலர் சான்றிதழ் கைக்கு வந்ததுமே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். பலன் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். வரி அலுவலகத்தின் கடிதத்தைப் பிறர் தயவின்றிப் படிக்கலாம். பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் கேள்வி கேட்கலாம். இங்கே அடுக்குமாடி வீடுகளின் படிக்கட்டைக் குடியிருப்போர் வாரம் ஒருவராக முறைவைத்துச் சுத்தம் செய்யும் வழக்கம் இன்றும் உண்டு. இந்த வாரம் யார் முறை என்பதில் தொடங்கும் பேச்சு, இப்பகுதியின் ஷ்வேபிஷ் வட்டார வழக்கு காதுக்கு ஓரளவு பிடிபட்ட பின்பு, முழங்கால் வலி, பேரப்பிள்ளைகள், நகராட்சி மீதான குறை என்று நீண்டுகொண்டே போகும். ஆங்கிலத்தில் பேச்செடுத்தால் அதே முதியவர்கள் மரியாதையாகப் புன்னகைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

வயதானால் மொழி ஏறாது என்பதும் முழு உண்மையன்று. உச்சரிப்பில் குழந்தைகளோடு போட்டியிட முடியாதுதான். ஆனால் விதியைச் சொன்னால் விளங்கிக்கொள்ளும் பக்குவம் பெரியவர்களுக்கு உண்டு. ஜெர்மனின் துணைவாக்கியங்களில் வினைச்சொல் கடைசியில் வந்து நிற்பது வகுப்பில் பலரைத் திணறடிக்கும்போது, வினைமுற்றில் வாக்கியத்தை முடித்தே பழகிய தமிழருக்கு அது எளிதாகப் பிடிபடுகிறது. பெயர்ச்சொற்களின் பால்தான் படுத்துகிறது: கரண்டி ஆண்பாலாம், முள்கரண்டி பெண்பாலாம், கத்தி இரண்டுமில்லையாம்! நம் திணை, பால் பாகுபாடு அங்கே உதவாது, மனப்பாடம்தான் வழி.

மொழி தெரியாததால் அதிகம் தவிப்பவர்கள், ஊழியரைவிட அவருடன் வரும் கணவரோ மனைவியோதான். ஆங்கிலம் பேச ஓர் அலுவலகம்கூட அவர்களுக்கு இல்லை. ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே எனப்படும் பொதுக்கல்வி நிலையங்கள் அநேகமாக எல்லா நகரங்களிலும் மாலை வகுப்புகள் நடத்துகின்றன. முதல் ஆண்டிலேயே இருவரும் அங்கே சேர்ந்துவிடுவது நல்லது. வெளிநாட்டு வேலைவாய்ப்பு பற்றி எழுதும்போது, சம்பளம், விசா விவரங்களோடு இவ்வகுப்புகளைப் பற்றியும் தங்கள் நாளிதழ் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஷ்டுட்கார்ட், ஜெர்மனி