பஜேரோவை விற்றது பற்றி அத்தானுக்கு

அத்தான்,

வண்டியை விற்றுவிட்டேன். முல்கியாவில், அதாவது வண்டியின் பதிவு அட்டையில், பெயர் மாற்றமும் முடிந்துவிட்டது. வாங்கியவர் ஒமானி, மலையடிவாரத்து அல் ஹம்ராக்காரர். எஞ்சினைப் பெரிதாகப் பார்க்கவில்லை. தரையில் படுத்து அடிப்பகுதியைத் தட்டிப் பார்த்தார், டயரைப் பார்த்தார், சரி என்றார். மலையில் ஓட்டுகிறவன் அப்படித்தான் பார்ப்பான் என்று எனக்குச் சொன்னதே நீங்கள்தான்.

நீங்கள் போனை எடுப்பதில்லை. வாய்ஸ் மெசேஜ் போட்டால் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. ஆனால் நான் இங்கே எழுதுவதை ஒன்று விடாமல் படிக்கிறீர்கள் என்று அக்கா சொன்னாள். அதனால் இங்கேயே எழுதுகிறேன். நாலு பேர் பார்க்கிற இடம், சிலதைத் தாண்டித்தான் போக வேண்டும். நீங்கள் மஸ்கட்டை விட்டுப் போன காரணம் அதில் ஒன்று. அதைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை எழுத மாட்டேன், கவலைப்படாதீர்கள்.

பையனுக்கு இங்கே வேலை கிடைத்ததில் உங்களைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம். ஆனால் வண்டி அவனுக்கு என்று நீங்களாகவே முடிவு செய்து, அக்கா மூலம் எனக்குச் சொல்லி அனுப்பினீர்கள். சரி, உங்கள் பணமும் அதில் பாதி இருக்கிறது, கொடுத்துவிடலாம் என்றுதான் நானும் இருந்தேன். அப்புறம் அவன் போன் செய்தான். "மாமா, வந்ததும் முதல் வெள்ளிக்கிழமை ஸ்நேக் கேன்யன். அன்னிக்கு அப்பாவை முடிக்க விடலைல்ல, அதை நான் முடிக்கணும்" என்றான். மலைக்கு நடுவே தண்ணீர் ஓடுகிற அந்தக் குறுகிய பள்ளத்தாக்கைத்தான் சொன்னான், சிரித்துக்கொண்டே சொன்னான். மறுநாளே விற்பனைக்கு விளம்பரம் போட்டேன்.

அந்த நாளை நீங்கள் எத்தனையோ கல்யாண வீட்டில் சொல்லிவிட்டீர்கள். பந்தியில் பாயசம் வருவதற்குள் கதை முடிந்துவிடும்: மாப்ள பயந்துட்டான், சாவியைப் பிடுங்கிட்டான், ஒரு சொட்டு மழைகூட விழலை. எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது என் பங்கைச் சொல்கிறேன்.

ஜூலை மாதம். அவன் எட்டாம் வகுப்பு, பள்ளிக்கூட லீவு. நிஸ்வாவில் சாப்பிட உட்கார்ந்ததில் நேரம் போய்விட்டது. ஷரஃப் அல் அலமைன் மேட்டில் நின்று எட்டிப் பார்த்தபோதே மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. அங்கிருந்து ஹத் கிராமத்துக்கு இறங்குகிற பாதையை நீங்கள் ஓட்டிய அழகை இன்னும் யாரும் ஓட்டி நான் பார்க்கவில்லை. நான்கு சக்கரமும் மெதுவாகச் சுற்றுகிற லோ ரேஞ்சில் போட்டு, முதல் கியரில், பிரேக்கில் கால் படாமல், வண்டி தன் பாட்டுக்கு இறங்கும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. "கல்லைப் பார்க்காத மாப்ள, கல்லுக்கு நடுவுல இருக்கிற வழியைப் பாரு. கண்ணு எங்க போகுதோ வண்டி அங்கதான் போகும்." இதை இன்றைக்கும் எனக்குள் சொல்லிக்கொண்டுதான் ஓட்டுகிறேன்.

கீழே இறங்கி, பள்ளத்தாக்கு தொடங்குகிற இடத்தில் வண்டியை நிறுத்தினோம். பையன் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நின்றான். நான் திரும்பி, நாம் இறங்கி வந்த முகட்டைப் பார்த்தேன். மேகம் திரண்டிருந்தது. பஞ்சு மேகம் இல்லை, அடிப்பகுதி கறுத்த மேகம். எங்கள் தலைக்கு மேலே பளீரென்று வெயில்.

கோடையில் இந்த மலையில் அது வழக்கம்தானே. காலை முழுக்கப் பாறை சூடேறும், கடலிலிருந்து வருகிற ஈரக்காற்று சரிவில் மேலே ஏறும், பிற்பகலில் முகட்டில் மேகம் கட்டும். சில நாள் கலைந்துவிடும். சில நாள் ஒரே இடத்தில் கொட்டித் தீர்க்கும். கொட்டினால் பிடித்துவைக்க அங்கே மண் ஏது, மரம் ஏது? வெறும் சுண்ணாம்புப் பாறை. விழுந்த தண்ணீரில் பெரும்பகுதி அப்படியே வழிந்து ஓடைக்கு வரும், ஓடைகள் ஒன்று சேரும், கடைசியில் அத்தனையும் அந்தச் சந்துக்குள் நுழையும். சில இடங்களில் இரண்டு கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொடலாம் போல இருக்கிற சந்து. உள்ளே போய்விட்டால் வானம் ஒரு கோடுதான், மேகம் வருவதே தெரியாது. குளத்தில் குதித்து, வழுக்குப் பாறையில் சறுக்கி இறங்கிய இடங்களில் திரும்பி ஏற முடியாது, முன்னால்தான் போக வேண்டும். நின்று நிதானமாகப் போனால் மூன்று மணி நேரம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், மேகம் முற்றுகிற நேரத்தில் நீங்களும் பையனும் சரியாக நடுவில் இருப்பீர்கள்.

இதை நான் உங்களுக்குச் சொன்னேன். இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை, ஆனால் சொன்னேன். "நீங்க தென்காசிக்காரர் அத்தான், குத்தாலத்துல மேல மழை பெஞ்சா கீழ வெயில்ல குளிக்கிறவன் கதி என்னன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா" என்று கேட்டேன். அது குத்தாலம், இது பாலைவனம் என்றீர்கள். அங்கே ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவரிடம் உங்கள் அரபியில் கேட்டீர்கள். அவர் மலையைப் பார்த்தார், இரண்டு கையையும் விரித்தார், ஆட்டோடு போய்விட்டார். "பாத்தியா, ஒண்ணுமில்லைங்கிறார்" என்றீர்கள். எனக்கு அவர் "யாருக்குத் தெரியும்" என்றது போல இருந்தது. இன்றுவரை அப்படித்தான் இருக்கிறது.

நுழைவாயில் பாறையில், நம் தலைக்கு இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே, இடுக்கில் ஒரு பேரீச்சை மட்டை செருகிக்கொண்டிருந்தது. அதை அவ்வளவு உயரத்தில் கொண்டுபோய் யார் செருகினார்கள்? அதைக் காட்டினேன். நீங்கள் பார்க்கவில்லை, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். அப்போதுதான் போய் வண்டியில் தொங்கிய சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். கார் சாவி இல்லாமல் பள்ளத்தாக்கில் நடக்கலாமே என்று கல்யாண வீட்டில் சிலர் கேட்பார்கள், சரியான கேள்விதான். மறுமுனையில் வந்து வண்டியோடு ஏற்றிக்கொள்ள வேண்டியவன் நான்தானே. நான் வர மாட்டேன் என்றால் நீங்கள் போக முடியாது. உங்களை நிறுத்த எனக்கு வேறு வழி இல்லை.

அப்புறம் நீங்கள் சொன்னது, நான் திருப்பிச் சொன்னது. நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத மாட்டேன், அக்கா படிக்கிறாள். பையன் முன்னால் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவன் முகம் போன போக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னால் கேட்கிறேன். ஆனால் நீங்கள் சொன்னதையும் அவன்தான் கேட்டுக்கொண்டு நின்றான். சாவிக்கு மட்டும் கேட்க மாட்டேன், அத்தான். நாளைக்கே அதே மேகம் கட்டினால் நாளைக்கும் எடுப்பேன்.

திரும்ப மேலே ஏறினோம், யாரும் பேசவில்லை. ஷரஃப் அல் அலமைனில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தீர்கள். எதற்கு என்று அப்போது புரியவில்லை, மழை பெய்யாததைக் கண்ணால் பார்ப்பதற்காக உட்கார்ந்திருந்தீர்கள். மேகம் கலைந்தது. ஒரு சொட்டு விழவில்லை. உங்கள் கதை அன்றைக்கே தயாராகிவிட்டது. திரும்பி வந்தவனிடம் எப்போதுமே கதை இருக்காது, என்ன செய்ய.

எனக்கு ஆறாதது எது தெரியுமா? நீங்கள் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஜெபல் ஷம்ஸ் மலையில், அல் கித்தைம் கிராமத்திலிருந்து, கைவிடப்பட்ட அந்த அஸ் ஸாப் கிராமத்துக்குப் போகிற பால்கனிப் பாதையில் என்னை முதல்முறை கூட்டிப்போனபோது எனக்குக் கால் நடுங்கியது. பக்கத்தில் ஆயிரம் மீட்டர் பள்ளம். நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை. பாறையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பில் பூசிய வழிக்குறி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே, போகிற வழியெல்லாம் பள்ளத்துப் பக்கம் நீங்கள் நடந்தீர்கள், என்னைச் சுவர்ப் பக்கம் விட்டீர்கள். நான் நடுங்கியதை எந்தக் கல்யாண வீட்டிலும் நீங்கள் சொன்னதில்லை. அதற்கு நான் இதுவரை நன்றி சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

கோனு புயலையும் நீங்கள் எந்தப் பந்தியிலும் சொல்வதில்லை. 2007 ஜூனில் நீங்கள் மஸ்கட்டில் இருந்தீர்கள், நான் அப்போது ஊரில். ஊருக்கு நடுவே வருஷம் முழுக்கக் காய்ந்து கிடக்கிற வாதிகள், அதாவது காட்டாற்றுப் படுகைகள், நிரம்பி, கார்கள் மிதந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்ததை எனக்கு ஒரே ஒருமுறை சொன்னீர்கள். கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்து பாதியில் நிறுத்திவிட்டீர்கள். தண்ணீர் எவ்வளவு வேகமாக வரும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஓடுகிற வாதியில் வேண்டுமென்றே வண்டியை இறக்கினால் இந்த நாட்டில் குற்றம் என்று எனக்குச் சொன்னதும் நீங்கள்தான். அப்படிப்பட்டவர் தன் பையனுக்கு மட்டும் "மாமா பயந்துட்டான்" கதையை ஏன் சொல்லி வளர்த்தீர்கள்? அவனுக்கு இன்று தெரிந்ததெல்லாம், திரும்பி வருவது சிரிக்கிற விஷயம் என்பதுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். அழித்துவிட்டு எழுதலாம், அழிக்கவில்லை.

அவனுக்கு ஒன்றும் குறை வைக்கப்போவதில்லை. முதல் வெள்ளிக்கிழமை ஓட்டுவது எப்படியும் நடக்காது, முதலில் லைசென்ஸ் வேண்டும். டிரம் டெஸ்டில் பீப்பாய்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுக்க நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும், அவனும் படட்டும். குளிர்காலம் வந்ததும் பால்கனிப் பாதைக்குக் கூட்டிப்போகிறேன், பள்ளத்துப் பக்கம் நான் நடக்கிறேன். கால் பழகியதும் ஜெபல் ஷம்ஸ் தெற்கு உச்சி. வடக்கு உச்சி ராணுவத்திடம் இருக்கிறது, இதுதான் நமக்குக் கிடைக்கிற உச்சி. ஸ்நேக் கேன்யனும் ஒருநாள் போவான். வானம் சுத்தமாக இருக்கிற நாளில், காலையில் முதல் ஆளாக, என்னோடு. அதற்குள் சம்பளம் சேர்ந்து சொந்தமாக வண்டி வாங்கினால் எப்படி இறக்குவது என்று நீங்களே வந்து சொல்லிக்கொடுங்கள். உங்கள் முட்டிவலிக்கு வண்டியில் உட்காருவதில் ஒன்றும் கஷ்டமில்லை என்று அக்கா சொல்கிறாள்.

கம்ப்ரசர், பிரஷர் கேஜ், இழுவைக் கயிறு மூன்றையும் விற்கவில்லை, அவனுக்கு வைத்திருக்கிறேன். விலையில் உங்கள் பாதியை அக்கா கணக்கில் போட்டாகிவிட்டது. உங்கள் கணக்கில் போடாததற்குக் காரணம் அக்காவிடம் கேளுங்கள், அவள்தான் அப்படிச் சொன்னாள்.

போனை எடுங்கள். அவன் விமானம் ஏறுவதற்குள் நாம் இரண்டு பேரும் அவனிடம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும், அது எது என்று பேசிக்கொள்வோம். ஆனால் "ஒரு சொட்டுகூட" என்று ஆரம்பித்தீர்கள் என்றால் அப்போதே வைத்துவிடுவேன்.