அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். நான் அஞ்செட்டிப் பக்கம் மாடு வைத்துப் பிழைக்கிறவன். இரண்டு மாதம் முன்னால் எங்கள் பசுவுக்கு மடிநோய் வந்து, காய்ச்சலில் படுத்துவிட்டது. டாக்டர் வர நேரமாகும் என்றதால் கடைக்கு ஓடினேன். எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன், அதற்காக இதை எழுதவில்லை. காய்ச்சலுக்கும் வலிக்கும் ஊசி மருந்து கேட்டேன். மனிதருக்குப் போடுகிற டைக்ளோபெனாக், 3 மி.லி. குப்பி ஐந்தைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். காரணம் சொல்ல அன்றைக்கு நேரமில்லை, அதனால்தான் இந்த மடல்.

காரணம் பாறு. பிணந்தின்னிக் கழுகு என்பார்களே, அதுதான். நம் பக்கத்துக் கன்னட வீடுகளில் ரணஹத்து, தெலுங்கு வீடுகளில் ராபந்து. எனக்குப் பத்து வயசு இருக்கும், எங்கள் உழவு மாடு ஒன்று செத்துப் போய் ஏரிக்கரைப் புறம்போக்கில் இழுத்துப் போட்டார்கள். வெயில் ஏறும்வரை வானத்தில் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு புள்ளி, அது வட்டம் போட்டு இறங்க, எங்கிருந்தோ இன்னொன்று, பிறகு எண்ண முடியாத அளவுக்கு. பாறு மோப்பம் பிடித்து வருவதில்லை, முழுக்கக் கண்தான். நிலம் சூடாகி மேலெழும் காற்றில் இறக்கையை அடிக்காமலே ஏறி மிதந்துகொண்டு கீழேயும் பார்க்கும், தூரத்தில் மிதக்கும் மற்ற பாறுகளையும் பார்க்கும். ஒன்று இறங்கினால் அதைப் பார்த்து அடுத்தது, அதைப் பார்த்து அதற்கடுத்தது. மத்தியானத்துக்குள் அந்த மாட்டில் எலும்பும் தோலும்தான் மிச்சம், நாற்றமே இல்லை. தலையிலும் கழுத்திலும் இறகு இல்லாததை அசிங்கம் என்பார்கள், உடம்புக்குள் தலையை விட்டுத் தின்கிற பறவைக்கு அங்கே இறகிருந்தால் ரத்தம் ஒட்டி அழுகாதா? வயிற்றில் இருக்கும் அமிலமும் அவ்வளவு கடுமையானது, அழுகிய கறியிலுள்ள கிருமிகள் பெரும்பாலும் அங்கேயே செத்துப் போகும்.

இப்படி எதையும் செரிக்கிற வயிறு டைக்ளோபெனாக்கிடம் தோற்றுவிட்டது. ஊசி போட்டு இரண்டு மூன்று நாளில் செத்த மாட்டைத் தின்றால் பாறுவின் சிறுநீரகம் நின்றுவிடும், யூரிக் அமிலம் வெள்ளைச் சுண்ணாம்பு போல ஈரலிலும் இதயத்திலும் படியும், தலை தொங்கிக் கிளையிலேயே உட்கார்ந்திருந்து சாகும். லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை மருத்துவ ஆராய்ச்சியாளரின் குழுவினர் பாகிஸ்தானில் செத்து விழுந்த பாறுகளை அறுத்துப் பார்த்துக் கண்டுபிடித்ததை 2004இல் வெளியிட்டார்கள். அதற்குள் பெரும்பாலானவை போய்விட்டன. 1992இல் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு ஆயிரம் இருந்த இடத்தில் 2007இல் ஒன்றுதான் மிச்சம். நூறு மாட்டுப் பிணத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் இந்த மருந்து இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு பிணத்தில் கூட்டமே சேர்ந்து தின்கிறது அல்லவா. போனதை ஈடுகட்டவும் முடியாது, ஜோடிக்கு வருஷம் ஒரே முட்டை, அந்தக் குஞ்சு பெரிதாகி முட்டையிட ஐந்து வருஷம் ஆகும்.

சட்டம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மாட்டுக்கான டைக்ளோபெனாக்கை 2006இல் தடை செய்தார்கள். மனித மருந்தைப் பெரிய குப்பியில் வாங்கி மாட்டுக்குப் போட்டதால் 2015இல் 3 மி.லி. ஒற்றைக் குப்பிதான் என்று ஆக்கினார்கள். ஐந்து குப்பியை மொத்தமாக மடித்துக் கொடுத்தால் அந்த விதி எதற்கு? 2023இல் மாட்டுக்கான அசிக்ளோபெனாக்கும் கீட்டோபுரோபெனும் தடையாயின. அசிக்ளோபெனாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோபெனாக்காகவே மாறுகிறது, அதனால் பெயர் வேறென்று அதை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

நம் பக்கம்தான் பாறுவே இல்லையே என்று ஒரு கடைக்காரர் கேட்டார். தேன்கனிக்கோட்டையிலிருந்து கர்நாடகத்தின் ராமநகரம் நேர்கோட்டில் 60 கிலோமீட்டர் அளவுதான். அங்கே ராமதேவர பெட்டா பாறையில் கூடு கட்டுவதால் 2012இல் அதைப் பாறு சரணாலயமாகவே அறிவித்தார்கள். தெற்கே சத்தியமங்கலம், மாயாறு பள்ளத்தாக்கில் இன்னும் இருக்கின்றன. இரை தேடி ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் பறக்கிற பறவைக்கு மாநில எல்லை தெரியுமா, தாலுகா எல்லை தெரியுமா? நடுவில் இருப்பது நம் காவிரி வடக்குச் சரணாலயக் காடு. திரும்பி வந்தால் அவை இறங்கப் போவது செத்துப்போன நம் மாடுகள் மேல்தான்.

பாறு போன இடத்தை நாய்கள் பிடித்துக்கொண்டன. செத்த மாட்டைத் தின்று பெருகி, ராத்திரி பட்டியில் ஆட்டைக் கடிக்கின்றன, வெறிநாய்க்கடி பயம் வேறு. ஆடு வைத்திருக்கிற எல்லாருக்கும் இது தெரியும்.

நான் கேட்பது ஒன்றுதான். மாட்டுக்கு என்று யார் வந்து கேட்டாலும் மெலாக்சிகாம் கொடுங்கள். காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் கேட்கும், பாறுவுக்கு ஆபத்தில்லை என்று சோதித்துப் பார்த்த மருந்து. டோல்பெனமிக் அமிலமும் அப்படித்தான். அன்றைக்கு எங்கள் பசுவுக்கு டாக்டர் சாயங்காலம் வந்து போட்டது மெலாக்சிகாம்தான், மறுநாள் எழுந்து தீவனம் எடுத்தது. ஊசி போடுகிறவர்கள் பழக்கத்தில் டைக்ளோ கேட்டால், இல்லை என்று மட்டும் சொல்லி அனுப்பாமல் இதை எடுத்து நீட்டுங்கள். ஊசி போட்ட மாடு செத்துப்போனால் வெளியில் போடாமல் ஆழமாகப் புதைக்கச் சொல்லி மாட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

எங்கள் செவலைக்கு அடுத்த மாதம் கன்று போடும் தேதி. மருந்து வேண்டியிருந்தால் அந்தக் கடைக்கேதான் மறுபடி வருவேன். மெலாக்சிகாம் வாங்கி வைத்திருங்கள் அண்ணே.