பாட்ஸி ஏமாளி இல்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ போனில் அழுததிலிருந்து எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை. ஒரு பெண்ணை உன் ரூமில் சேர்த்துக்கொண்டு, சோறு போட்டு, வாடகைக்கு வைத்திருந்த பணத்தையும் எடுத்துக் கொடுத்தாய். இப்போது அந்தப் பெண் உன்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளா? "நான்தாம்மா ஏமாளி" என்றாயே, அதுதான் என் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது.

தூக்கம் வராமல் நேற்று ஒரு ஊமைப் படம் பார்த்தேன். 'தி பிளெஷர் கார்டன்'. திகில் படங்களுக்குப் பேர்போன டைரக்டர் ஹிட்ச்காக் முழுதாக இயக்கி முடித்த முதல் படம், 1925இல் எடுத்தது. கதை தொடங்குவது நீ இருக்கிற லண்டனில்தான், ஸ்டுடியோ வேலை மட்டும் ஜெர்மனியில், மியூனிக்கில்.

எடுத்த எடுப்பில் குரூப் டான்ஸ் பெண்கள் சுழல் படிக்கட்டில் தடதடவென்று இறங்கி மேடைக்கு ஓடுகிறார்கள். கீழே கோட்டும் சூட்டுமாகப் பெரிய மனிதர்கள். அதில் ஒருவர், அந்த டான்ஸ் பெண்களில் ஒருத்தியான பாட்ஸியிடம் வந்து உன் சுருள்முடி என்ன அழகு என்று வழிகிறார். அவள் அந்த ஒட்டுமுடியைப் பிய்த்து அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறாள்! அப்போதே அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

அப்புறம் டான்ஸ் வேலை தேடி ஜில் என்ற பெண் வருகிறாள். சிபாரிசுக் கடிதத்தையும் பணத்தையும் திருடனிடம் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவளை, பாட்ஸிதான் தன் ரூமுக்குக் கூட்டிப்போகிறாள். ராத்திரி ஜில் கட்டிலோரம் மண்டியிட்டு ஜெபம் பண்ணும்போது வீட்டு நாய் அவள் உள்ளங்காலை நக்குகிறது. அவ்வளவு பச்சைப்பிள்ளையாகத் தெரிகிறாள். ஆனால் வாரம் 5 பவுண்டு தருகிறேன் என்ற தியேட்டர் முதலாளியிடம் 20 கேட்டு வாங்குகிறவளும் அவள்தான். பேரும் பணமும் வந்து, ஒரு இளவரசனின் சகவாசமும் சேர்ந்ததும், வெளிநாட்டு வேலைக்குப் போன தன் மாப்பிள்ளையை மறந்துவிடுகிறாள். பாட்ஸியையும்தான்.

பாட்ஸியின் புருஷன் (நல்லவன் இல்லை, அது தனிக்கதை) தூர தேசத்தில் காய்ச்சலில் கிடப்பதாகக் கடிதம் வருகிறது. கப்பல் செலவுக்கு ஜில்லிடம் போய்க் கேட்கிறாள். கை விரித்துவிடுகிறாள் ஜில்.

அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். பேச்சு கேட்காத படம், முகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்? பாட்ஸியாக நடித்த வர்ஜீனியா வாலியின் முகத்தில் உன்னைத்தான் பார்த்தேன். பத்து நிமிஷம் கழித்துத்தான் மறுபடி போட முடிந்தது.

கடைசியில் பணம் கொடுப்பது பாட்ஸி குடியிருக்கும் வீட்டுக்காரரும் அவர் மனைவியும். வசதி இல்லாதவர்கள், சிறுகச் சிறுகச் சேர்த்த காசு அது.

பாட்ஸியை ஏமாளி என்று நினைக்க எனக்கு மனசே வரவில்லை, பாப்பா. ரூமில் இடம் கொடுத்தவள் அவள். நன்றி மறந்தது ஜில்லின் குற்றம்.

சரி, கேள். என் சீட்டுப் பணத்தை அப்பா இன்று காலையில் பேங்கில் போட்டுவிட்டார். இரண்டு நாளில் உன் கைக்கு வரும். முதலில் வாடகையைக் கட்டு. திருப்பித் தருகிறேன் என்று மட்டும் பேசாதே. ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று ஒரு வரி எழுது.

அன்புடன்,
அம்மா