செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

நம் ஸ்டீல் பேண்டின் தலைவர் அவர்களுக்கும், வாசிப்பவர்களுக்கும், ஒவ்வொரு பனோரமா ஸ்டீல் பேண்ட் போட்டிக்கும் பான்களை, அதாவது எண்ணெய் டிரம்மில் செய்த ஸ்டீல்பான்களை, தள்ளிக்கொண்டு வரும் அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம்.

பெரிய செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். 2025 ஜனவரியில் நம் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. டிரினிடாட் டொபேகோவின் நாட்டுச் சின்னத்தில் கொலம்பஸின் மூன்று கப்பல்கள் இருந்த இடம் இனி ஸ்டீல்பானுக்கு. பிஸ்கட் டின்னையும் எண்ணெய் டிரம்மையும் தட்டியதற்காகப் போலீஸ் விரட்டிய ஏழைப் பையன்கள் உருவாக்கிய கருவி இது. அந்தச் செய்தி வந்த மாலை நாம் பயிற்சி செய்யும் பான்யார்டில் பெரியவர்கள் சிலருக்குப் பேச்சே வரவில்லை.

போட்டியில் அரையிறுதியோடு நின்றோம். மெட்டும் வேகமும் நன்றாக இருந்தன. அடியில் தாழ்ந்த சுரங்களைத் தரும் பேஸ் பான்கள் போதவில்லை. புதிதாகச் சேரும் பிள்ளைகள் எல்லோரும் மேல்ஸ்தாயிப் பானான டெனரைத்தான் கேட்கிறார்கள். கேட்கத்தான் செய்வார்கள். ஒரே டிரம்மில் முப்பதை ஒட்டிய சுரங்கள், அதுவும் பான் செய்யும் கலைஞர் ஆன்டனி வில்லியம்ஸ் வகுத்த சிலந்திவலை அமைப்பில். மெட்டு முழுக்க அதில்தான். ஆனால் ஸ்டீல் பேண்ட் டெனரோடு முடிவதில்லை. சுரம் தாழத் தாழ அதற்கு அகன்ற தகடும் நீண்ட டிரம்மும் வேண்டும். அதனால்தான் சிக்ஸ் பேஸில் ஒரு டிரம்முக்கு மூன்றே சுரம். ஆறு முழு டிரம்களுக்கு நடுவே ஒருவர் நின்று பதினெட்டுச் சுரங்களைத் தேடி அடிக்கிறார். நடுவில் டபுள் செகண்ட்ஸ், செல்லோ என்ற நடுப் பான்கள் கார்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டுகளை, நிரப்புகின்றன. அப்புறம் தாளப் பிரிவான எஞ்சின் ரூம்: டிரம் செட், காங்கா, வண்டியின் பிரேக் டிரம்மை இரும்புக் கம்பியால் தட்டும் ‘அயர்ன்’. அயர்ன் தடுமாறினால் நூறு பேர் வாசிப்பும் தடுமாறும்.

ரெனிகேட்ஸ் குழுவுக்கு 1982 முதல் 1997 வரை ஒன்பது பனோரமா வெற்றிகளைத் தேடித்தந்த இசை அமைப்பாளர் ஜித் சமரூவின் பதிவுகளை ஞாயிறுதோறும் சேர்ந்து கேட்டோம். லொபினோ பக்கத்து இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். டெனரை விட்டுவிட்டு நடுப் பான்களை மட்டும் காதில் பிடித்துக் கேளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னோம். அதற்குப் பிறகு சிலர் தாமாகவே செகண்ட்ஸுக்கு மாறினார்கள். இந்த ஆண்டு எனக்கு மிகுந்த நிறைவு தந்தது அதுதான்.

வருத்தமும் உண்டு. போட்டி நடந்த சவானா மைதானத்திலிருந்து திரும்பும்போது வாடகை லாரியில் சரியாகக் கட்டாததால் பேஸ் டிரம்கள் சில உருண்டு நசுங்கின. பானில் ஒரு சுரம் தனியாகப் பேசுவதில்லை. அதே தகட்டுக்குள் அதன் மேல்ஸ்தாயியையும் சேர்த்துத்தான், சுரம் சேர்க்கும் டியூனர் தட்டி வைத்திருக்கிறார். ஓரிடம் நசுங்கினால் பக்கத்துச் சுரமும் கெடும். ஆகவே செலவு அதிகமானது; கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

குழுவிடம் மூன்று வேண்டுகோள். அடுத்த நிதியில் முதல் பங்கு பேஸுக்கும், சக்கரம் வைத்த ரேக்குகளுக்கும் போகட்டும். டெனர் கேட்டு வருபவர்கள் முதல் சீசனைப் பேஸிலோ எஞ்சின் ரூமிலோ கழிக்கட்டும். டியூனருக்கு வயதாகிறது, சுத்தியல் பிடிக்க ஆர்வமுள்ள இளைஞர் இருவரை அவருடன் இப்போதே சேர்த்துவிட வேண்டும், இதைத் தள்ளிப்போட முடியாது.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
போர்ட் ஆஃப் ஸ்பெயின்